ஏரி மீன்கள் உயிர்வாழும் வகை

வைகறைப் பொழுதில் பெங்களூருவின் அல்சூர் ஏரிக்கரையில் உலாவச் செல்லும் அன்பர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கக் கூடும். நீரின் மேற்பரப்பில் எண்ணற்ற சிறு வட்டங்கள் தோன்றித் தோன்றி மறைகின்றன. உற்று நோக்கினால், ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு மீனின் வாய் திறந்து மூடுவது புலப்படும். குழந்தைகள் கைகொட்டி மகிழ்கின்றனர். மீனுக்குப் பசி போலும் என்று எண்ணி யாரேனும் ஒருவர் பொரியை அள்ளி வீசுகிறார். ஆனால் மீன்கள் அதனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவை உணவை நாடி மேலே வந்தவை அல்ல. மூச்சை நாடி வந்தவை.

நீரிலே பிறந்து நீரிலே வாழும் மீனுக்கு மூச்சு முட்டுவது உண்டா என்று வியப்புத் தோன்றலாம். உண்டு. காரணத்தை அறிய வேண்டுமாயின், மீனின் உடலமைப்பையும் அது வாழும் நீரின் இயல்பையும் ஒருங்கே நோக்க வேண்டும். மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்பிக்க வேண்டுமா என்பது நம் பழமொழி. நீந்துவது மட்டுமன்று, நீரில் மூச்சு விடுதல், உடலின் உப்பைக் காத்தல், இருளில் வழி அறிதல், வற்றும் ஏரியில் பிழைத்திருத்தல் ஆகிய கலைகள் பலவற்றையும் மீன் பிறவியிலேயே பெற்று வருகிறது. அக்கலைகள் யாவை, அவை எதுவரையில் மீனைக் காக்கும், அந்த எல்லையைக் கடந்தால் யாது நேரும் என்பவற்றை இங்குக் காண்போம்.

முதலில் மூச்சைக் குறித்துப் பார்ப்போம். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லிலிட்டர் பிராணவாயு உள்ளது. ஒரு லிட்டர் நல்ல ஏரி நீரிலோ, கரைந்துள்ள பிராணவாயு ஏறக்குறைய 6 மில்லிலிட்டரே. அஃதாவது, நாம் பெறுவதில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவானதைக் கொண்டே மீன் வாழ வேண்டும். அதுவும் எளிதாகக் கிடைப்பதன்று. நீர் காற்றைப் போல் ஏறக்குறைய 800 மடங்கு அடர்ந்தது. அதனை ஓயாது இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மீனுக்கு மூச்சு. மேலும், நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருவில் காற்றின் அழுத்தமும் குறைவு. ஆதலால் இவ்வூர் ஏரி நீர், சென்னையில் அதே வெப்பத்தில் உள்ள நீரைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகவே பிராணவாயுவைத் தாங்க வல்லது.

இவ்வளவு சிறு முதலைக் கொண்டு மீன் எவ்வாறு குடித்தனம் நடத்துகிறது? அதற்கு வாய்த்த கருவியே செவுள். சந்தையில் மீன் வாங்கும் இல்லத்தரசியார் செவுள் மூடியைத் தூக்கிப் பார்ப்பது வழக்கம். செவுள் சிவந்திருந்தால் மீன் புதியது என்பது அவர் கணக்கு. அச்சிவப்பு இரத்தத்தின் நிறம். செவுளில் சீப்பின் பற்களைப் போல இழைகள் நெருங்கி அமைந்துள்ளன. ஒவ்வோர் இழையின் மேலும் மிக மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றினுள்ளே நுண்ணிய குழாய்களில் இரத்தம் ஓடுகிறது. வாய் வழியே உள்ளிழுத்த நீர் இத்தகடுகளின் இடையே புகுந்து, செவுள் மூடியின் வழியாக வெளியேறுகிறது.

இங்கு ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. நீர் ஒரு திசையில் ஓட, இரத்தம் அதற்கு எதிர்த் திசையில் ஓடுகிறது. இருவரும் ஒரே திசையில் நடந்தால், பிராணவாயு இரண்டிலும் சமமானவுடன் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். எதிரெதிராக ஓடுவதால், ஓரளவு பிராணவாயுவை முன்பே பெற்றுவிட்ட இரத்தம், தன்னினும் மிகுதியாக வைத்திருக்கும் புது நீரையே மேலும் மேலும் சந்திக்கிறது. ஆகவே கொள்முதல் கடைசிவரை நடைபெறுகிறது. நாம் உள்ளிழுக்கும் காற்றிலுள்ள பிராணவாயுவில் ஏறக்குறைய கால் பங்கையே எடுத்துக்கொண்டு எஞ்சியதை வெளியே விடுகிறோம். மீனோ, நீரிலுள்ளதில் நூற்றுக்கு எண்பது பங்கு வரையில் எடுத்துக்கொள்ள வல்லது. வறியவனின் சிக்கனம் இது என்க.

அடுத்து உப்பைக் குறித்துக் காண்போம். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் இட்டு வைத்தால் அது உப்பிப் பெருப்பதை நாம் அடுக்களையில் கண்டிருக்கிறோம். நன்னீர் மீனுக்கும் இதே இடர்ப்பாடு நாள்தோறும் நேர்கிறது. அதன் இரத்தத்தில் உள்ள உப்பு, ஏரி நீரில் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆதலால் செவுளின் மெல்லிய தோல் வழியே நீர் ஓயாது உள்ளே புகுகிறது. உப்பு ஓயாது வெளியே கசிகிறது. இதனைச் சமாளிக்க மீன் மூன்று வழிகளைக் கையாளுகிறது. அது நீரைக் குடிப்பதே இல்லை எனலாம். உள்ளே புகுந்த நீரைச் சிறுநீரகம் மிக நீர்த்த சிறுநீராக மிகுதியாக வெளியேற்றுகிறது. இழந்த உப்பையோ செவுளில் உள்ள தனிவகை உயிரணுக்கள் ஏரி நீரிலிருந்தே பொறுக்கி எடுத்து ஈடு செய்கின்றன. கடல் மீனின் நிலை இதற்கு நேர்மாறானது. அது கடல் நீரைக் குடித்து, உப்பைச் செவுளின் வழியே வெளியே தள்ளுகிறது. கடல் மீன்களிற் பெரும்பாலானவை ஏரியில் வாழ மாட்டாமைக்கும், ஏரி மீன் கடலில் வாழ மாட்டாமைக்கும் இதுவே காரணம்.

செவுள் செய்யும் மற்றொரு வேலையையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். உடலில் உண்டாகும் அம்மோனியா என்னும் நஞ்சை மீன் பெரும்பாலும் செவுளின் வழியாகவே நீரில் கழித்துவிடுகிறது. சுற்றியுள்ள நீர் தூயதாக இருக்கும் வரையில் இவ்வேலை தானே நடைபெறும். இக்குறிப்பு பின்னர் நமக்குப் பயன்படும்.

ஏரியில் வாழும் மீன்கள் யாவும் ஓரிடத்தில் நெருங்கி வாழ்வதில்லை. இடத்தையும் உணவையும் பங்கிட்டுக் கொள்கின்றன. ஏரிகளில் வளர்க்கப்பெறும் கட்லா மீனைப் பாருங்கள். அதன் வாய் மேல்நோக்கித் திறக்கிறது. அது மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்பது. ரோகு நடுநீரில் மேய்வது. மிர்காலின் வாயோ கீழ்நோக்கியது. அது அடிச்சேற்றில் படிந்தவற்றைத் தின்பது. மீனின் வாயை நோக்கியே அதன் வாழிடத்தை ஒருவாறு கூறிவிடலாம். உடலினுள்ளே உள்ள காற்றுப் பை, மிதப்பதற்கு உதவுகிறது. பையில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் மீன் தனக்கு வேண்டிய ஆழத்தில் அலுப்பின்றி நிற்கிறது. கெண்டை, கெளுத்தி இனங்களில், இக்காற்றுப் பைக்கும் உட்செவிக்கும் நடுவே சிறு எலும்புகள் சங்கிலி போல் அமைந்து, ஒலியை எடுத்துச் செல்கின்றன. உடலின் இரு பக்கங்களிலும் செவுள் முதல் வால் வரை ஓடும் பக்கக்கோடு, நீரின் சிறு அசைவையும் உணர்த்துகிறது. கலங்கிய ஏரியில் கண் செய்யாத வேலையைப் பக்கக்கோடும், கெளுத்தியின் மீசையும் செய்து முடிக்கின்றன.

இனி, நம் நாட்டு ஏரிகளின் தனி இயல்புக்கு வருவோம். பெங்களூரு பேராறு எதுவும் பாயாத மேட்டு நிலம். மழை நீரைக் கரை கட்டித் தேக்கி, ஓர் ஏரி நிரம்பியதும் கலிங்கு வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு முன்னோர் சங்கிலித் தொடராக அமைத்தனர். கன்னடத்தில் கெரெ எனப்படும் இவையும், தமிழ்நாட்டில் நாம் அறிந்த ஏரி கண்மாய்களும் இயல்பால் ஒன்றே. மழைக்காலத்தில் கரை ததும்பும். கோடையில் சுருங்கிச் சேறாகும். இத்தகைய இடத்தில் வாழ, செவுள் ஒன்றே போதாது. ஆதலால், நீரில் பிராணவாயு அற்றபோது காற்றையே நேராக மூச்சிழுக்கும் மீன்கள் சில நம் நாட்டில் தோன்றியுள்ளன.

விராலுக்குச் செவுளின் மேற்புறத்தே காற்றை ஏற்கும் ஓர் அறை உண்டு. அது அடிக்கடி மேலே வந்து ஒரு வாய்க் காற்றை வாங்கிச் செல்லும். மேலே வரவொட்டாமல் வலையிட்டுத் தடுத்தால் விரால் நீரிலேயே மூச்சு முட்டி இறந்துவிடும் என்பது வியப்புக்குரியது. தேளி மீனுக்குச் செவுள் அறையிலிருந்து இரு நீண்ட காற்றுப் பைகள் முதுகெலும்பை ஒட்டி வாலை நோக்கி ஓடுகின்றன. அயிரை இனத்து மீன்களிற் சில, காற்றை விழுங்கிக் குடலின் வழியாகவே பிராணவாயுவை ஈர்த்துக் கொள்கின்றன. பனையேறிக் கெண்டையின் தலையில், மடிப்பு மடிப்பான எலும்புத் தகடுகளின் மேல் இரத்தக் குழாய்கள் பரவிய உறுப்பு ஒன்று உள்ளது. செவுள் மூடியின் முட்களை ஊன்றி அது ஈரத் தரையில் ஒரு குட்டையிலிருந்து மறு குட்டைக்கு நகர்ந்து செல்லும்.

இம்மீனின் பெயர் உலகப் புகழ் பெற்றதற்கும் தமிழகமே இடமாயிற்று. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் பணியில் இருந்த டால்டார்ஃப் என்னும் படை அலுவலர், இம்மீன் பனை மரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைத் தாம் கண்டதாக எழுதிய குறிப்பு 1797-இல் இலண்டனில் வெளியாயிற்று. பின்வந்த ஆய்வாளர் இதனை முற்றும் ஒப்பவில்லை. காக்கையோ பருந்தோ கவ்விச் சென்று மரத்தில் விட்ட மீன், காற்றை மூச்சிழுத்து உயிரோடிருந்ததைக் கண்டு மக்கள் அவ்வாறு கருதியிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். ஆயினும், நீரைவிட்டு நெடுநேரம் உயிரோடிருக்கும் அதன் ஆற்றலில் ஐயமில்லை.

சந்ததியைக் காக்கும் வகையிலும் வேறுபாடுகள் உண்டு. விரால் இணை, தம் செந்நிறக் குஞ்சுகளின் கூட்டத்தை விட்டு அகலாது காவல் புரியும். 1952-இல் இலங்கையிலிருந்து இந்தியாவிற்குக் கொணரப்பட்ட திலாப்பியா, அஃதாவது நம் மக்கள் ஜிலேபிக் கெண்டை என வழங்கும் மீனின் தாய், முட்டைகளைத் தன் வாயிலேயே அடைகாக்கிறது. கங்கை நாட்டு மீன்களாகிய கட்லா முதலியனவோ, பெருக்கெடுத்த ஆற்று வெள்ளத்தைக் கண்டாலன்றி முட்டையிடா. தேங்கிய ஏரியில் அவை வளருமேயன்றிப் பெருகா. 1957ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒரிசாவின் அங்குல் என்னும் இடத்தில், ஹீராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி, மீனின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்தி, இவ்வின மீன்களை முட்டையிடச் செய்தார். நம் ஏரிகளில் ஆண்டுதோறும் குஞ்சுகளை விடுவதற்கு அடிகோலியது அம்முயற்சியே.

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும், தொடக்கத்தில் கண்ட மீன்கள் விடியற்காலையில் ஏன் திணறின? ஏரியின் பகலும் இரவும் வெவ்வேறானவை. பகலில் நீரிலுள்ள பாசி, சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும்போது பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் சமையல் நின்றுவிடுகிறது. ஆனால் பாசியும் மீனும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுவது நிற்பதில்லை. ஆகவே பகலில் சேர்ந்த கையிருப்பு இரவெல்லாம் செலவாகி, விடியுமுன் மிகக் குறைந்துவிடுகிறது. நல்ல ஏரியில் இக்குறைவு மீன் தாங்கும் அளவினதே. கழிவுநீர் கலந்த ஏரியிலோ, அதன் உரத்தால் பாசி அளவின்றிப் பெருகுகிறது. கழிவை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. இரவில் உண்போர் பலராக, கையிருப்பு நள்ளிரவிலேயே தீர்ந்து போகிறது. அந்நிலையில் மீன்கள் மேற்பரப்பில் காற்றைத் தொட்டுள்ள மெல்லிய நீர்ப்படலத்தை வாயால் உறிஞ்ச முயல்கின்றன. நாம் காணும் வட்டங்கள் அவையே. அது மீனின் கடைசிக் கையிருப்பு.

ஒரு லிட்டர் நீரில் குறைந்தது 4 மில்லிகிராம் பிராணவாயு இருந்தால்தான் அந்நீர் மீன் வளத்துக்கு உரியது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த அளவு. அந்த எல்லைக்குக் கீழே நெடிது நின்றால் என்ன நேரும் என்பதை அல்சூர் ஏரியே காட்டியது. மதராஸ் சாப்பர்ஸ் படையினரின் பாளையத்தை ஒட்டிய அவ்வேரியில், 2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஆயிரக்கணக்கான மீன்கள் ஒருசேர மடிந்து மிதந்தன. கழிவுநீர் புகுந்து பிராணவாயு குன்றியதே காரணம் என்று ஆய்ந்தோர் கூறினர். கோடையின் வெப்பமும் இத்தகைய வேளையில் துணை சேர்கிறது. சூடேறிய நீர் குறைவாகவே பிராணவாயுவைத் தாங்குகிறது, மீனின் உடலோ சூட்டில் மிகுதியாகக் கேட்கிறது.

ஈண்டு ஓர் எதிர்வாதம் எழலாம். விராலும் தேளியும் போன்றவை காற்றை மூச்சிழுத்துப் பிழைத்துக்கொள்ளுமே, ஏரியில் மீன் முற்றும் அற்றுப் போகாதே என்று சிலர் கூறுவர். உண்மை, சில பிழைக்கும். கழிவு நிறைந்த ஏரிகளில், காற்றை மூச்சிழுக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி கொழுத்து வளர்கிறது. பிற மீன்களைத் தின்று தீர்ப்பதால், அதனை வளர்ப்பதை இந்திய அரசு தடை செய்துள்ளது. ஆகவே, மீன் இருக்கிறது என்பதனாலேயே ஏரி நலமாக இருக்கிறது என்று கூறிவிட முடியாது. எந்த மீன் இருக்கிறது என்று கேட்க வேண்டும். கட்லாவும் கெண்டையும் மறைந்து, கெளுத்தி மட்டும் எஞ்சிய ஏரி, நோயுற்ற ஏரி. மேலும், காற்றை மூச்சிழுக்கும் மீனுக்கும் நஞ்சிலிருந்து தப்பும் வழியில்லை. சுற்றியுள்ள நீரிலேயே அம்மோனியா மிகுந்துவிட்டால், செவுள் தன் கழிவை வெளியே தள்ள இயலாது தவிக்கும். சோப்புத் தூள்களின் நுரைப்பொருளோ செவுளின் மெல்லிய தோலையே சிதைக்கும்.

மீனின் உடலமைப்பு, எண்ணற்ற தலைமுறைகளாக மெல்ல மெல்ல உருவானது. கோடை வறட்சி அதற்குப் பழக்கமானது. விடியற்காலைக் குறைவும் பழக்கமானது. ஒரே தலைமுறைக் காலத்தில் ஊர் பெருகி, சாக்கடை ஏரியில் திரும்பியது அதற்குப் பழக்கமில்லாதது. அந்த வேகத்துக்கு மீன் தன்னை மாற்றிக்கொள்ள இயலாது. மாற வேண்டியவர் நாமே.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழராகிய நமக்கு இதில் மற்றொரு தொடர்பும் உண்டு. அல்சூர் ஏரியின் உபரி நீர் பெல்லந்தூர் ஏரிக்குச் செல்கிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், பின்னர்த் தட்சிண பினாகினி ஆற்றுக்கும் செல்கிறது. அந்த ஆறே ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணையை அடைந்து, தென்பெண்ணை என்னும் பெயரோடு கிருஷ்ணகிரி வழியே ஓடிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. கெலவரப்பள்ளியில் வெண்ணுரை பொங்கும் செய்தியை நாம் படித்திருக்கிறோம். இங்கு நாம் வீட்டிலிருந்து வெளியேற்றும் நீர், ஊரில் நம் உற்றார் வயலுக்குப் பாயும் நீராகிறது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. வட பெங்களூருவில் உள்ள ஜக்கூர் ஏரியில், கழிவுநீரை நிலையம் ஒன்றில் தூய்மை செய்து, பின்னர்ச் சம்பு முதலிய நீர்த்தாவரங்கள் செறிந்த சதுப்பு நிலத்தின் வழியே செலுத்தி, அதன் பிறகே ஏரியில் விடும் ஏற்பாடு செய்யப்பட்டது. உரச்சத்தைத் தாவரங்கள் உறிஞ்சிக் கொள்வதால் ஏரியில் பாசியின் மிகைவளர்ச்சி அடங்குகிறது. அங்கு மீனவர் வலை வீசி மீன் பிடித்துப் பிழைத்து வருகின்றனர். பெரு நகரின் நடுவிலும் ஏரியும் மீனும் வாழ இயலும் என்பதற்கு அது சான்று.

அரசும் நகராட்சியும் செய்ய வேண்டியவை பெரியவை. நாம் செய்யக் கூடியவை சிறியவை. எனினும் வீணானவை அல்ல. பூசை மலரையும் உணவு மிச்சத்தையும் ஏரியில் இடாதிருக்கலாம். அவை அழுகும்போது பிராணவாயுவையே உண்கின்றன. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த அயல்நாட்டு மீனை, இரக்கம் கருதியும் ஏரியில் விடாதிருக்கலாம். விடியற்காலையில் மீன்கள் திரளாக மேற்பரப்பில் வாய் திறந்து நிற்கக் கண்டால், பொரியை வீசுவதற்கு மாறாக, ஏரியைக் காக்கும் அலுவலர்க்கு உடனே தெரிவிக்கலாம். மீன்கள் மடிந்து மிதப்பதற்கு முன் அவை காட்டும் குறிப்பு அதுவே. அதனைப் படிக்கக் கற்றுக்கொள்வது, ஏரிக்கரையில் குடியிருக்கும் நம் கடமையாகும்.